மொட்டைத் தலைக்கும் மானுக்கும் முடிச்சு

என் தலைமுடியை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஏழுமலையானுக்கு எழுதி வைத்தவள் என் மனைவி சரசு. போன வருடம் ஈப்போவுக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் மான் பண்ணையில் மான்கள் வரிசையாகக் காய்ச்சலில் படுத்தன. நாக்கு தடித்து, எச்சில் ஒழுகி, நடக்க முடியாமல் நொண்டின. பூச்சி கடித்துப் பரவும் வைரஸ் நோய் என்றார்கள். நான் மருத்துவரைத் தேடி ஓடினேன். சரசு பூஜை அறைக்கு ஓடினாள். மான்கள் பிழைத்த பிறகுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. "மொட்டை போடுறதா வேண்டிக்கிட்டேன்" என்றாள். "ஐயோ, உனக்கு எதுக்கும்மா மொட்டை?" என்று பதறினேன். "எனக்கு எதுக்கு? உங்களுக்குத்தான்" என்றாள்.

அறுபதை நெருங்கும் வயதில் எனக்கு மிச்சமிருந்த ஒரே கர்வம் அந்த முடிதான். சாயம் இல்லை, வழுக்கை இல்லை. என் வயதுக்காரர்கள் தொப்பியோடு வரும் கல்யாணங்களுக்கு நான் சட்டைப் பையில் சீப்போடு போவேன். சரசுவுக்கு முட்டி வலி, அதனால் திருப்பதிக்கு என்னோடு வரவில்லை. போட்டோ மட்டும் அனுப்பச் சொன்னாள். விமானச் சன்னலில் என் முடியைப் பார்த்துக்கொண்டே வந்து சேர்ந்தேன்.

திருமலையில் பல் பிடுங்கப் போனவன் மாதிரி உட்கார்ந்தேன். கத்தி வைத்தவர் தெலுங்கில் ஏதோ சொன்னார். பக்கத்தில் பேரனை மடியில் வைத்திருந்த அம்மாள் மொழிபெயர்த்தார்: "இந்த வயசுல இவ்ளோ நல்ல முடியான்னு கேக்கறாரு." அந்த மனிதரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அதற்குள் பாதித் தலை போய்விட்டது. குளித்துவிட்டு வெளியே வந்ததும் மலைக்காற்று நேராக மண்டையில் பட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருடம் இந்தச் சுகம் தெரியாமல் இருந்துவிட்டேனே என்று தோன்றியது. தரிசனம் முடித்து லட்டைப் பிட்டு வாயில் போட்டேன். விரலிடுக்கில் நெய் வழிந்தது. எங்கள் ஊர்க் கோயிலிலும் லட்டு கொடுப்பார்கள். அதைப் பற்றி இனி நான் வாய் திறக்கப் போவதில்லை.

மொட்டை முடிந்தது, அடுத்த விமானத்தில் திரும்பியிருக்கலாம். ஆனால் எனக்கு இன்னொரு வேலை இருந்தது. எங்கள் மான்கள் படுத்திருந்தபோது வாட்ஸப் குழு ஒன்றில் கண்டுபிடித்து, வேளை கெட்ட வேளையிலெல்லாம் நான் தொந்தரவு செய்த டாக்டர் சுகுணா இந்தப் பக்கத்துக்காரர். திருப்பதிக்கும் சித்தூருக்கும் நடுவே ஒரு குன்றடியில் இருக்கும் மான் பூங்காவுக்கு அவர்தான் மருத்துவர். நேரில் பார்த்து நன்றி சொல்ல வேண்டும், எங்கள் ஊர் பிஸ்கட் டின் ஒன்றைக் கையில் கொடுக்க வேண்டும். மலையிறங்கி வரும் என்னை பஸ் நிலையத்திலிருந்து கூட்டிவர ஆள் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். அடையாளம் கேட்டார். "மொட்டைத் தலை, சந்தனம் பூசியிருப்பேன்" என்றேன்.

திருப்பதி பஸ் நிலையத்தில் அப்படிச் சொன்ன புத்திசாலி உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பார்த்த இடமெல்லாம் சந்தன மொட்டை. போதாக்குறைக்கு நான் அவசரப்பட்டு ஒரு பஸ்ஸில் ஏறி உட்கார, அது காளஹஸ்தி பக்கம் கிளம்பிவிட்டது. கண்டக்டர் என்னை வழியில் இறக்கிவிட்டார். ஷேர் ஆட்டோவில் ஒன்பதாவது ஆளாகத் தொற்றி, யாரோ ஒருவரின் வாழைத்தாரை மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். அங்கே நெட்டையான ஒருவர் மொட்டை மொட்டையாக நிறுத்தி "மலேசியாவா? மலேசியாவா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"காலையிலேர்ந்து தேடிக்கினு இருக்கேன் சார்" என்றார். "ஓசூர்க்காரரு ஒருத்தரு, கிண்டல் பண்றியான்னு அடிக்கவே வந்துட்டாரு."

இவர்தான் முனிரத்தினம், பூங்காவில் மான்களைப் பார்த்துக்கொள்பவர். சொந்த ஊர் ராமகுப்பம் பக்கத்தில், தமிழ்நாட்டு எல்லையோரக் கிராமம். போனில் தெலுங்கு, என்னிடம் தமிழ், டிரைவரிடம் இரண்டும் கலந்து. அவர் கொண்டுவந்திருந்த குட்டி லாரியின் பின்னால் ஆள் உயரத்துக்கு எட்டு டிரம் ஃபேன்கள் கயிறு கட்டி நின்றன. மான் பூங்காவுக்கு எதற்கு ஃபேன் என்று கேட்டேன்.

"சுண்டுவுக்கு சார்" என்றார். "பெட்டை மானு. ஆயி செத்துப்பூட்ச்சி, நான்தான் பாட்டில்ல பால் குடுத்து வளத்தேன். சுண்டல் பொட்டலத்தைக் கண்டா பிடுங்கித் துன்னும், அதான் சுண்டு. இப்ப காய்ச்சலு. உங்க மானுக்கு வந்த மாதிரிதான்."

அந்தக் காய்ச்சலை நான் பார்த்தவன். ஆனால் அதற்கும் ஃபேனுக்கும் என்ன முடிச்சு என்று விளங்கவில்லை. முனிரத்தினத்துக்கு வேறு ஒரு பெருமை சொல்ல வேண்டியிருந்தது. திருச்சானூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் அவர் மச்சான் வாட்ச்மேனாம். அவர் கொடுத்த ஃபேன்கள்தான் இவை. "ஆடி மாசம் சார். எவன் கல்யாணம் பண்ணுவான்? ஃபேனு சும்மா தூசி துன்னுக்கினு கிடக்குது."

நியாயம்தான் என்றேன். மலேசியாவிலும் ஆடியில் எங்கள் மண்டபங்கள் ஈயோட்டும்.

வழியில் ஓர் ஓட்டலில் நிறுத்தினோம். சங்கடி என்கிற கேழ்வரகுக் களி உருண்டை, பக்கத்தில் காரமான வேர்க்கடலைச் சட்னி, கீரை. நான் மென்றேன். மெல்ல மெல்ல அது வாயில் பெருகிக்கொண்டே போனது. "மெல்லாதீங்க சார், முழுங்குங்க" என்றார் முனிரத்தினம். முழுங்கினேன். வழுக்கிக்கொண்டு போய் வயிற்றில் கம்மென்று உட்கார்ந்தது. எங்கள் ஊர் பரோட்டாவான ரொட்டி சானாயில் வளர்ந்த வயிறு அன்றைக்கு முதல் தடவையாக மரியாதை கற்றுக்கொண்டது. இன்னொரு உருண்டை கேட்டேன்.

டாக்டர் சுகுணா நகரியில் விசைத்தறி வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். "தறிச் சத்தத்துல வளந்தவ சார், எனக்கு மெதுவா பேச வராது" என்று அறிமுகம் செய்துகொண்டார், பூங்கா முழுதும் கேட்கும்படி. பிஸ்கட் டின்னை வாங்கி அங்கேயே திறந்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, என்னைச் சுண்டுவிடம் கூட்டிப்போனார்.

தனிக் கொட்டகையில் வைக்கோல் மேல் படுத்திருந்தது. புள்ளிமான். உதடு வீங்கி, எச்சில் நூலாய்த் தொங்கியது. முனிரத்தினம் குரல் கொடுத்ததும் காதை மட்டும் திருப்பிற்று. வேலிக்கு அந்தப் பக்கம் மற்ற மான்கள் கூட்டமாய் நின்றன. அதில் பாதி சினை.

"நீலநாக்கு நோய்னு ரிசல்ட் வந்துடுச்சி சார்" என்றார் சுகுணா. "பக்கத்து ஊரு செம்மறி ஆட்டுக்கு இருந்துச்சி. மானுக்கு மானு ஒட்டாது. நடுவுல பூச்சி வேணும். சுண்டுவைக் கடிச்ச பூச்சி இன்னொண்ணைக் கடிச்சாதான் பரவும். அப்போ நாம என்ன பண்ணணும்? பூச்சி சுண்டுகிட்ட வராம பாத்துக்கணும். அவ்ளோதான்."

அந்தப் பூச்சி எனக்கும் பழக்கம். எங்கள் ஊரில் அகாஸ் என்போம். கொசு இல்லை, முனிரத்தினம் சொன்னது போல, கொசுவின் தூசி. கொசுவலைக் கண்ணில் நுழைந்து போய்விடும். சாயங்காலமும் விடியற்காலையும்தான் அதற்குச் சாப்பாட்டு நேரம். எங்கள் பண்ணையில் புகை மருந்து அடித்தோம், இங்கேயும் அடிக்கலாமே என்று பெரிய மனிதத் தோரணையில் யோசனை சொன்னேன்.

"அய்ய, வேணா சார்" என்றார் முனிரத்தினம். ராமகுப்பம் பக்கத்திலிருந்துதான் மான்களுக்கு மல்பெரித் தழை வருகிறது. அதே வண்டியில் இங்கிருந்து எரு திரும்பிப் போகிறது, மல்பெரித் தோட்டத்துக்கு. "மருந்து எருவுல ஏறி, எருவுலேர்ந்து தழைக்கு ஏறுச்சின்னா, பட்டுப்பூச்சி கொத்துக்கொத்தா செத்துப்பூடும். எங்க நைனா என்னை ஊருக்குள்ள சேக்க மாட்டாரு."

அதனால்தான் ஃபேன். அந்தப் பூச்சிக்குக் காற்றில் பறக்கத் தெம்பு கிடையாது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், ஆனால் குன்று மறைத்த அந்தப் பள்ளத்தில் கோழி இறகுகூட அசையவில்லை. காற்றை நாம்தான் கொண்டுவர வேண்டியிருந்தது. தண்ணீர்த் தொட்டியோரம் பூச்சி முட்டையிடும் சேற்றையும் சாணத்தையும் மறுநாள் எல்லோரும் சேர்ந்து வாரிக் கொட்டினோம். நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். கரையேறும்போது வேட்டி காவி நிறமாகியிருந்தது.

என் தலைக்கு வேலை வந்தது அன்று சாயங்காலம்தான். ஃபேன்களை எங்கெங்கே வைப்பது என்று அவர்கள் பேசிக்கொண்டிருக்க, நான் கொட்டகை மூலையில் ஒரு முக்காலியில் உட்கார்ந்தேன். வெயில் இறங்கியதுதான் தாமதம், மண்டை முழுக்கச் சுரீர் சுரீர் என்றது. கையை ஓங்கினேன்.

"சார், அசையாதீங்க" என்று சுகுணா ஓடிவந்தார். டார்ச் அடித்து என் மண்டையை நெருங்கிப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "அதேதான் சார், அந்தப் பூச்சிதான். பூச்சி பிடிக்க நாங்க வைக்கற லைட் ட்ராப்பை விட உங்க தலை நல்லா வேலை செய்யுது."

"எனக்கு நோய் வராதா?"

"மனுஷங்களுக்கு வராது சார். அரிக்கும், அவ்ளோதான்."

அப்புறம் என்ன. முக்காலியைத் தூக்கிக்கொண்டு மூலை மூலையாக என்னை உட்கார வைத்தார்கள். கடித்தால் ஃபேன் நகரும், கடிக்காவிட்டால் அங்கேயே நிற்கும். சேற்றில் வேலை செய்தவர்களெல்லாம் வேலியில் சாய்ந்து வேடிக்கை பார்த்தார்கள். எட்டு ஃபேனும் ஓடியபோது என் தலையில் ஒரு பூச்சி இறங்கவில்லை. சுண்டு தலையைத் தூக்கி இந்தக் கூத்தைப் பார்த்தது. சரசுவிடம் போனில் சொன்னேன். "முடியோட போயிருந்தா இதெல்லாம் நடக்குமா?" என்றாள். மண்டையைச் சொறிந்துகொண்டேன்.

அதற்கடுத்த நாள் ஆடி அமாவாசை. அது கழிந்த காலையில் முனிரத்தினத்தின் போன் அடித்தது. எதிர்முனையில் மச்சான் போட்ட சத்தம், ஸ்பீக்கர் போடாமலே எங்களுக்கெல்லாம் கேட்டது. மண்டபத்தில் நாளை மறுநாள் காலை கல்யாணம். முதலாளி எப்போதோ முன்பணம் வாங்கிவிட்டார். முதல் நாள் சாயங்காலமே மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்குகிறார்கள். ஃபேன்கள் எங்கே என்று கேட்டால் வாட்ச்மேன் வேலை போச்சு.

"ஆடில கல்யாணமா?" என்றேன் நான்.

சுகுணா நெற்றியில் அடித்துக்கொண்டார். "சார், நமக்குத்தான் ஆடி. தெலுங்குக்காரங்களுக்கு அமாவாசையோட ஆஷாடம் முடிஞ்சிது. இன்னிக்கு ஸ்ராவணம் பொறந்துடுச்சி. முகூர்த்தம் ஆரம்பம்."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். முனிரத்தினம் தெலுங்கில் படித்தவர். சுகுணா தெலுங்கில் உத்தியோகம் பார்ப்பவர். மச்சான் தெலுங்குக் கல்யாணங்களுக்கு நடுவிலேயே குடியிருப்பவர். ஆனாலும் ஆடி என்றதும் எல்லோருடைய மூளையும் அம்மா வீட்டுக் காலண்டருக்குப் போய்விட்டது. நான் மலேசியாவிலிருந்து வந்து அதற்குத் தலையாட்டியிருக்கிறேன். முதலில் சிரித்தது முனிரத்தினம்தான். சிரித்து முடித்ததும் அவர் சுண்டுவின் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

புது டிரம் ஃபேன்களுக்கு நானே ஒரு கடையில் சொல்லி வைத்தேன். சென்னையிலிருந்து வர வேண்டும், கல்யாணத்துக்கு அடுத்த நாள்தான் கைக்குக் கிடைக்கும் என்றார்கள். வீட்டு ஃபேனை வைத்துப் பார்த்தோம், அதன் காற்று பாதிக் கொட்டகையைத் தாண்டவில்லை. சுண்டுவின் காய்ச்சல் இறங்கத் தொடங்கியிருந்தது, ஆனால் இரத்தத்தில் கிருமி இன்னும் இருக்கும் என்றார் சுகுணா. ஒரு சாயங்காலமும் ஒரு விடியலும் காற்றில்லாமல் விட்டால் போதும், பூச்சி வேலியைத் தாண்டிச் சினை மான்களிடம் போய்விடும்.

"எட்டும் வேணுமா, இல்ல குறைச்சிப் பாக்கலாமா?" என்று சுகுணா கேட்டார். எல்லோரும் என் தலையைப் பார்த்தார்கள்.

மறுபடி முக்காலி. நான்கு ஃபேன் வைத்து உட்கார்ந்தேன், கடிக்கவில்லை. மூன்று, கடிக்கவில்லை. இரண்டை நேருக்கு நேர் வைத்தபோது பின்மண்டை போயிற்று. கோணலாக, ஒன்றின் காற்று மற்றதில் மோதாமல் வைத்தோம். சுண்டுவுக்குப் பக்கத்திலேயே, அதன் மூச்சு முழங்காலில் படும் இடத்தில், நன்றாக இருட்டும் வரை உட்கார்ந்திருந்தேன். ஒரு கடி இல்லை. இரண்டு போதும். ஆனால் அந்த இரண்டை மண்டபத்துக்காரர்கள் விட்டுக்கொடுக்க வேண்டுமே.

மறுநாள் ஆறு ஃபேன்களை ஏற்றிக்கொண்டு நானும் முனிரத்தினமும் திருச்சானூர் போனோம். மண்டப வாசலில் வாழை மரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் அப்பா கோயில் தெருவில் பூக்கடை வைத்திருப்பவர், பெயர் சுப்பராயுடு. லாரியைப் பார்த்ததும் எண்ணினார். இரண்டு குறைகிறது என்று கண்டுபிடிக்க அவருக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. முனிரத்தினம் தெலுங்கில் மான், பூச்சி, காய்ச்சல் என்று நடித்தே காட்டினார். சுப்பராயுடு கேட்டுவிட்டுச் சொன்னதை எனக்குத் தமிழில் பெயர்த்தார்:

"மானுக்கு நோவுன்னா கஷ்டம்தான், நானும் மனுஷன்தான்னு சொல்றாரு சார். ஆனா மாப்பிள்ளைக்கு வேர்த்து ஊத்துமாம். நிச்சயதார்த்தத்துல பொட்டு கரைஞ்சி மூக்குல வந்துடுச்சாம். மாப்பிள்ளையோட மாமா அதையே சொல்லிச் சொல்லிக் காட்டறாராம். ஏசி கிடையாது, இந்த ஆறும் ஜனத்துக்கும் பந்திக்குமே சரியாப்பூடுமாம், மீதி ரெண்டும் மேடைக்குத்தான் வேணுமாம். மாப்பிள்ளைக்கு வேர்த்தா யாரு பொறுப்புன்னு கேக்கறாரு."

நுணலும் தன் வாயால் கெடும். "நான் பொறுப்பு" என்றேன். மொழிபெயர்க்காமலே அவருக்குப் புரிந்துவிட்டது. என் மொட்டையை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே போய் ஒரு பனையோலை விசிறியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். அதுதான் அழைப்பிதழ்.

விடிகாலையில் முகூர்த்தம். மாப்பிள்ளை நல்ல பையன், பருமன். மேடையில் உட்கார்ந்ததுமே நெற்றியில் முத்து முத்தாக அரும்பியது. நான் பின்னால் நின்று வீசத் தொடங்கினேன். வலது கை, இடது கை, இரண்டு கையும். புரோகிதர் என்னை வேறு ஏதோ சடங்குக்கு வந்தவன் என்று நினைத்து, வீச வேண்டாத இடத்தில் கண்ணால் நிறுத்தச் சொன்னார். மாப்பிள்ளையின் மாமா முதல் வரிசையில் குறை கண்டுபிடிக்கக் காத்திருந்தார். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவே திரையைப் பிடித்து, ஒருவர் தலையில் ஒருவர் சீரகமும் வெல்லமும் வைத்து, திரை விலகியதும் அந்தப் பெண் முதலில் பார்த்தது மாப்பிள்ளையை இல்லை, பின்னால் விசிறியோடு தொப்பலாக நனைந்து நிற்கும் என்னை. அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். அவனும் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். பொட்டு அழியவில்லை.

அட்சதை போட்டு முடித்தபோது என் போன் அடித்தது. பூங்காவிலிருந்து முனிரத்தினம், வீடியோவில். இரண்டு ஃபேன்களும் இரைந்துகொண்டிருந்தன. சுண்டு நான்கு காலில் நின்று மல்பெரித் தழையை மென்றுகொண்டிருந்தது. "எழுந்துடுச்சி சார். எழுந்து துன்னுது சார். அந்தப் பக்கம் மானுங்க எல்லாம் சோக்கா கீது" என்று சொல்லிக்கொண்டே அந்த நெட்டை மனிதர் அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. சுப்பராயுடு போனைப் பிடுங்கிக்கொண்டு போய் மேடையில் காட்டினார், முதல் வரிசையில் காட்டினார், சமையல்கட்டில்கூடக் காட்டினார். மாப்பிள்ளையின் மாமா இரண்டு தடவை வாங்கிப் பார்த்தார்.

பந்தியில் சுப்பராயுடு என்னை முதல் இலையில் உட்கார வைத்தார். பூர்ணம் வைத்த பூர்ணாலு, நம் புளியோதரை மாதிரி புளிஹோரா, நெய் குளிக்கும் பருப்பு. என் கையிலிருந்த விசிறியை வாங்கிக்கொண்டு பின்னால் வந்து நின்று, என் மொட்டைக்கு வீசத் தொடங்கினார். எழுந்தேன், தோளை அழுத்தி உட்கார வைத்தார். பக்கத்து இலைக்காரர் மொழிபெயர்த்தார்: "இந்தத் தலைக்கு வேர்க்கக் கூடாதாம்."

அந்தக் கோலத்திலேயே சரசுவுக்கு வீடியோ போட்டேன். வாய் நிறைய பூர்ணத்தோடு, சுண்டு எழுந்துவிட்ட கதையைச் சொன்னேன். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கொஞ்சம் தயங்கினாள். அந்தத் தயக்கம் எனக்கு நன்றாகத் தெரியும்.

"அந்த மானுக்கும் நான் வேண்டிக்கிட்டேங்க" என்றாள்.

"என்னன்னு?"

"வேற என்ன? முடி வளரட்டும், போயிட்டு வந்துடுங்க."

தலையைத் தடவிப் பார்த்தேன். முள் முள்ளாக முளைக்கத் தொடங்கியிருந்தது.